கல்லூரி வாசல் – 7: பதினைந்து பாடங்கள்

கலிபோர்னியாவில் ஒரு பிள்ளை அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகுமா என்பது பன்னிரண்டாம் வகுப்பில் முடிவாவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. அங்கே ‘ஏ-ஜி’ என்றொரு பட்டியல் உண்டு. வரலாறு 2 ஆண்டு, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, வேற்றுமொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1. மொத்தம் 15 பாடங்கள், எதிலும் ‘சி’ தரத்துக்குக் குறையக் கூடாது. இதை முடிக்காத பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழ் கிடைக்கலாம். ஆனால் நேரடியாகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கோ (யூசி) கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கோ (கால் ஸ்டேட்) விண்ணப்பிக்கும் தகுதி வராது. பள்ளியில் தேறுவதும் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவதும் வேறு வேறு என்பதை வீட்டில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

டப்ளினில் இது எல்லோருக்கும் தெரியும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே, மென்பொருள் சம்பளத்தில் வளர்ந்த ஊர் இது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆறாம் வகுப்பிலேயே எந்தக் கணிதத்தில் சேர்ப்பது என்ற பேச்சு வந்துவிடும். அப்பாவும் அம்மாவும் பட்டதாரிகள்; பக்கத்து வீட்டு அக்கா பெர்க்லியில் படிக்கிறாள்; வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வரும். அதே ஊரின் பார்ட் ரயிலில் ஏறினால் அரைமணி நேரம் சொச்சத்தில் ஓக்லாந்தின் ஃப்ரூட்வேல் வந்துவிடும். அங்கே சமையலறையிலும் கட்டட வேலையிலும் நாள் முழுக்க நிற்கும் பெற்றோர் பலர். பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியாது.

டப்ளினுக்கும் ஃப்ரூட்வேலுக்கும் நடுவே, ஹேவர்டில் இருக்கிறது சபோ என்ற இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி. 1981-இல் அங்கே இரண்டு பேர் ஒரு வேலையில் இறங்கினார்கள். ஃபெலிக்ஸ் கலாவிஸ் மாணவர் ஆலோசகர், பாட்ரிசியா மெக்ராத் ஆங்கில ஆசிரியை. லத்தீன் அமெரிக்க மாணவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று அறிய 2,000-க்கும் மேற்பட்ட மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்பத் தெரிந்தன. இந்த மாணவர்கள் ஆலோசகரிடம் போவதில்லை. கல்லூரித் தரத்து எழுத்து வகுப்பில் சேருவதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். இதிலிருந்து பிறந்ததுதான் ‘புவெந்தே’ திட்டம்: ஓராண்டு எழுத்து வகுப்பு, கூடவே விடாமல் பின்தொடரும் ஓர் ஆலோசகர், அதே சமூகத்திலிருந்து படித்து வேலைக்குப் போன ஒரு வழிகாட்டி. இன்று கலிபோர்னியாவின் பல கல்லூரிகளில் அது நடக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தத் தொடக்கம்தான். மாணவர்களைக் குறை சொல்லாமல், உட்கார்ந்து அவர்களுடைய தாள்களைப் படித்தார்கள்.

கல்லூரியால் யார் மேலே வருகிறார்கள் என்று கணக்குப் பார்த்தவர்களில் முக்கியமானவர் பொருளியல் பேராசிரியர் ராஜ் செட்டி. அவரும் அவரது குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவின் 38 கல்லூரிகளில் அடித்தட்டு 60 சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களைவிட உச்சி ஒரு சதவீதத்திலிருந்து வந்தவர்கள் அதிகம். ஏழைப் பிள்ளைகளை அதிக அளவில் மேல்தட்டு வருமானத்துக்கு ஏற்றிவிட்டதில் முதலிடம் பிடித்தது பெரும்பெயர்க் கல்லூரி எதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கால் ஸ்டேட் வளாகம். செட்டியின் பெற்றோர் தமிழ்நாட்டுக்காரர்கள். வெளியூர்க் கல்லூரிக்குப் பெண்ணை அனுப்பும் வழக்கமில்லாத காலத்தில், உள்ளூர்ச் செல்வந்தர் ஒருவர் தம் வீட்டிலேயே மகளிர் கல்லூரி தொடங்கியதால் படித்து மருத்துவரானவர் அவர் அம்மா. ஒரு வீட்டுக் கதவு திறந்திருக்காவிட்டால் அந்தக் குடும்பத்தின் கதையே வேறு.

டப்ளின் தமிழர்கள் பலருடைய கதையும் இதற்குத் தூரமில்லை. அரசுப் பள்ளி, குறைந்த கட்டணத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி, பிறகு விமானம் என்று வந்தவர்கள் நிறைய. ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்று சான்றிதழ் கொடுத்து, கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேருவோருக்குக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2010-இல் வந்தது. அந்தச் சலுகை வருவதற்கு முன்பே படித்துவிட்ட முதல் தலைமுறையினர்தான் இன்று டப்ளினில் நாற்பதைத் தாண்டியவர்கள். ஆனால் பிள்ளைக்குச் சமுதாயக் கல்லூரி என்றால் முகம் சுளிக்கிறோம். இது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். டப்ளின் பார்ட் நிலையத்திலிருந்து வீல்ஸ் பேருந்தில் போகும் தூரத்தில், லிவர்மோரில் இருக்கிறது லாஸ் பொசிடாஸ் கல்லூரி. யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டாண்டுக்கான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். வருமானம் குறைந்த மாணவருக்கு அதுவும் தள்ளுபடி. யூசியில் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல். பள்ளியில் அந்தப் பதினைந்து பாடங்களைத் தவறவிட்டவருக்கும் இங்கே இடமுண்டு. இரண்டாண்டு ஒழுங்காகப் படித்து, குறித்த பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டினால் டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உள்ளிட்ட ஆறு யூசி வளாகங்கள் அங்கே மாறிச் சேர இட உத்தரவாதமே தருகின்றன. 1960-இல் கலிபோர்னியா வகுத்த உயர்கல்வித் திட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று இந்த மாற்றுவழி.

வழி இருக்கிறது, படிவம்தான் குறுக்கே நிற்கிறது. நிதியுதவிக்கான ‘ஃபாஃப்சா’ படிவம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும். 2023-இல் டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் பல வாரங்கள் அதை அனுப்பவே முடியாமல் தவித்தார்கள். இடையூறில்லாத ஆண்டில்கூட, வரிக் கணக்கில் எந்த வரியை எங்கே எழுதுவது, பிரிந்து வாழும் பெற்றோரில் யாருடைய வருமானத்தைக் காட்டுவது என்று ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு குடும்பம் நின்றுவிடும். பல குடும்பங்கள் அங்கேயே விட்டுவிடுகின்றன.

ஆண்டுதோறும் வரிப் படிவத்தைத் தாங்களே நிரப்பும் மென்பொருள் பொறியாளர்கள் டப்ளினில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கலிபோர்னிய மாணவர் நிதியுதவி ஆணையம் ‘கேஷ் ஃபார் காலேஜ்’ என்ற பெயரில் இலவசப் படிவ முகாம்களுக்கு ஆதரவளிக்கிறது. நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குத் திரட்டும் ஆட்களில் பத்துப் பேர் ஹேவர்டிலோ ஓக்லாந்திலோ அப்படியொரு முகாமில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தால் போதும். ஸ்பானிஷ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மாநில அரசின் கால் கிராண்ட் உதவிக்கு வழக்கமான கடைசி நாள் மார்ச் 2. பொங்கல் முடிந்து ஆறேழு வாரம் இருக்கிறது.

(தொடரும்)