‘தங்கலைங்க’

கோவை - திருச்சி சாலையும் திருப்பூர் - தாராபுரம் சாலையும் சந்திக்கிற ஊர் அவிநாசிபாளையம். இந்தப் பகுதியில் காலையில் கம்பெனி வேன் ஏறும் பெண்கள் பலர், ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள். கர்ப்பமாக இருந்த ஒருத்தி திடீரென்று பத்து நாள் வரவில்லையென்றால், காரணம் மூன்று விதமாகச் சொல்லப்படும்: ‘தங்கலைங்க’, ‘கலைஞ்சிருச்சு’, ‘அபார்ஷன்’.

முதல் இரண்டிலும் யார்மேலும் பழியில்லை. மேகம் கலைவதுபோலக் கருவும் தானாகக் கலைகிறது. ஆனால் ‘ஞ்’ இருந்த இடத்தில் ‘ச்’ வந்து ‘கலைச்சிட்டா’ என்றானால், செய்தவள் ஒருத்தி முளைத்துவிடுகிறாள்.

வம்பு மூன்றாவது சொல்லில்தான். மருத்துவத்தில் ‘அபார்ஷன்’ தானாகக் கலைவதற்கும் கலைப்பதற்கும் பொது. துடிப்பு நின்றும் கரு வெளியேறாமல் இருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டில் ‘மிஸ்டு அபார்ஷன்’ என்று எழுதுவார்கள். வீட்டில் படிப்பவர் கண்ணில் பின்பாதிதான் படும். மாமியாரின் விசாரணை அங்கே தொடங்கும். பிரிட்டனிலும் இந்தக் குழப்பம் இருந்தது. தானாகக் கலைவதை ‘மிஸ்கேரேஜ்’ என்றே எழுத வேண்டுமென 1985இல் மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் கேட்டுக்கொண்டார்கள். வழக்கமும் மெல்ல மாறியது. நமக்குக் கருச்சிதைவு, கருக்கலைப்பு என்று இரண்டு சொல் கையிலேயே இருக்கின்றன. சீட்டில் ஒரு வரி தமிழில் எழுத என்ன தடை?

தெரியவந்த கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 15 வரை தானாகக் கலைகின்றன. முதல் மூன்று மாதங்களில் கலைவதில் ஏறக்குறையப் பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். ‘பப்பாளி தின்னா, ஸ்கூட்டியில போனா’ என்று அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

பேச்சுக்குப் பயந்து அவள் இழப்பது கூலியையும்தான். 26 வாரத்துக்குள் கரு கலைந்தால் சம்பளத்தோடு 6 வாரம் விடுப்பு என்றது 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம். அந்த 6 வாரமும் அவளை வேலைக்கு வைக்கவே கூடாது. சட்டப்படி கலைத்திருந்தாலும் அதே 6 வாரம்தான்; சட்டம் அவளைத் தோண்டித் துருவவில்லை. அதற்குப் பதிலாக 2025இல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை உண்டு.

இ.எஸ்.ஐ.யிலும் 6 வாரத்துக்குப் பணம் கிடைக்கும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் சந்தா இருக்க வேண்டும். காண்டிராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவள், சனிக்கிழமைச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். பிடித்தால், டாக்டர் சான்றிதழோடு கிளை அலுவலகத்தில் கேட்கலாம். ‘வயித்து வலி’ என்று சொல்லி நாலாம் நாளே மிஷினில் உட்காருகிறவளுக்கு அந்தப் பணம் வராது.