பெரிய பெயரா, பிடித்த பாடமா?

ஜூலை மாதம் வந்துவிட்டால் துவாரகாவிலுள்ள தமிழ்க் குடும்பங்களில் பேச்சு ஒன்றுதான். சொஸைட்டி வாசலில் காய்கறி வண்டி அருகே சந்தித்தாலும் சரி, கோயில் பிரகாரத்தில் சந்தித்தாலும் சரி, "பெண்ணுக்கு எந்தக் காலேஜ்?" என்பதே முதல் கேள்வி.

மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரின் வீட்டில் நடந்த வாக்குவாதம் இது. மகளுக்கு உணவுத் தொழில்நுட்பம் படிக்க ஆசை. அது செக்டர் 2-இல் உள்ள பாஸ்கராசார்யா கல்லூரியில் இருக்கிறது. தகப்பனாருக்கோ வடக்கு வளாகத்தின் மீதே கண். "ஹிந்து, மிராண்டா என்றால் நாலு பேருக்குத் தெரியும். அங்கே தாவரவியல் கிடைத்தாலும் போதுமம்மா" என்கிறார். "நாலு பேருக்குத் தெரிவதற்காகவா அப்பா நான் படிக்க வேண்டும்?" என்று கேட்கிறாள் மகள்.

இரண்டு பேர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

முன்பெல்லாம் பிளஸ் டூ மதிப்பெண்ணே டில்லிப் பல்கலைக் கழகத்தில் இடத்தைத் தீர்மானித்தது. 2021-இல் சில கல்லூரிகள் சில பாடங்களுக்கு 100 சதவீதம் கேட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. மாணவர்கள் பாடத்தையும் கல்லூரியையும் ஜோடி சேர்த்து, விருப்ப வரிசையில் எழுதித் தர வேண்டும். மேலே எழுதிய இடத்தைப் பெற்றுச் சேர்ந்துவிட்டால் கீழே எழுதியவை தாமே நீங்கிவிடும். ஆகவே எந்த வரியை முதலில் எழுதுவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை.

பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

தகப்பனார் கையில் வைத்திருப்பது மத்திய கல்வி அமைச்சகத்தின் தேசியத் தரவரிசைப் பட்டியல். 2016 முதல் வெளிவருகிறது. போதனையும் வசதிகளும், ஆராய்ச்சி, மாணவர் தேர்ச்சி, எல்லாத் தரப்பினருக்கும் இடமளித்தல், கல்லூரியைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள எண்ணம் என ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறார்கள். இவற்றுக்கான விவரங்களில் பெரும்பகுதியைத் தருவது கல்லூரிகளே. 'பிறர் எண்ணம்' என்பதற்கு மட்டும் நூற்றுக்குப் பத்து. பெயர் பெற்ற கல்லூரிக்குப் பெயருக்காகவே மதிப்பெண் விழுகிறது என்று பொருள்.

ஸ்டீபன்ஸ் கல்லூரி 1881-இல் தோன்றியது. அதன் புகழை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இப்பட்டியலில் 2023-இல் அதற்குக் கிடைத்தது 14-ஆவது இடம், 2024-இல் மூன்றாவது, 2025-இல் ஐந்தாவது. நமது சென்னை மாநிலக் கல்லூரி 2023-இல் மூன்றாவதாக இருந்து, 2024-இல் முதல் பத்துக்குள் வரவில்லை. ஓராண்டில் கட்டடமும் ஆசிரியர்களும் அவ்வளவா மாறிவிடும்? மாறியது பெரும்பாலும் கணக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. இப்பட்டியலில் கல்லூரிக்குத்தான் இடமே தவிர, பாடத்துக்கு அல்ல. முதலிடம் பெற்ற கல்லூரியில் நமது குழந்தை படிக்கப் போகும் துறை எப்படி என்று அதில் காண முடியாது. மேலும் 2025-ஆம் ஆண்டுப் பட்டியல் வெளியானது செப்டம்பர் 4-ஆம் தேதி. அதற்குள் டில்லிக் கல்லூரிகளில் வகுப்புகளே தொடங்கிவிட்டன!

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகம் ஒரு பிரபல பட்டியலில் இரண்டாவதாக இருந்தது. தந்த விவரங்கள் சரியில்லை என்று 2022-இல் அங்குள்ள கணிதப் பேராசிரியர் ஒருவரே எடுத்துக் காட்டினார். இடம் 18-க்குச் சரிந்தது. இங்கே 2020-இல் சென்னை, டில்லி உள்பட ஏழு ஐ.ஐ.டி.க்கள், கணக்கிடும் முறை தெளிவாக இல்லை என்று கூறி ஓர் உலகத் தரவரிசையிலிருந்தே விலகிக் கொண்டன.

பெயருக்கும் விலை உண்டு

அதற்காகப் பெரிய பெயரை வெறும் பகட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. டில்லியில் செல்வாக்குள்ள உறவினர்கள் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குக் கல்லூரியின் பெயரே முதல் சிபாரிசுக் கடிதம். வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள், முன்னாள் மாணவர்களின் உதவி, கெட்டிக்காரத் தோழர்களின் சகவாசம் இவையெல்லாம் அங்கே கூடுதலாகக் கிடைக்கும். தகப்பனாரின் கவலை இதுதான்.

ஆனால் ஒரே பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகளில் ஒரு பாடத்துக்குப் பாடத்திட்டமும் பொதுத் தேர்வும் ஒன்றே. பட்டமும் டில்லிப் பல்கலைக் கழகத்தின் பட்டமே. துவாரகாவிலிருந்து வடக்கு வளாகத்துக்கு நீல வழித்தட மெட்ரோவில் ஏறி, ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறிப் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். போக வர மூன்று மணி. இந்த மூன்று மணியைச் செக்டர் 2 கல்லூரியின் சோதனைச் சாலையில் செலவிட்டால் என்ன என்று மகள் கேட்பதற்குப் பட்டியலில் பதில் இல்லை.

பெயர் என்பது பழைமையால் மட்டுமே வருவதும் அல்ல. செக்டர் 14-இல் உள்ள தேசிய சட்டப் பல்கலைக் கழகம் 2008-இல்தான் பிறந்தது. அண்மைப் பட்டியல்களில் சட்டத்துக்கு இந்தியாவிலேயே இரண்டாமிடம் அதற்கு. துவாரகாவாசிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பெற்றோர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒருநாள் கல்லூரிக்கே போய்ப் பார்க்கலாம். அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், சோதனைச் சாலை தினமும் திறக்கிறதா, போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்று இறுதியாண்டு மாணவர்களைக் கேட்டால் அரைமணியில் தெரிந்துவிடும்.

நமது உத்தியோகஸ்தரும் ஒரு காலை செக்டர் 2 கல்லூரி வாசலில் நின்று நாலு மாணவிகளிடம் பேசிவிட்டு வந்தார். மாலையில் படிவம் பூர்த்தியாயிற்று. முதல் வரி மகளுடையது, இரண்டாவது வரி அப்பாவுடையது. முதல் வரியில் இடம் கிடைத்துவிட்டால் இரண்டாவது வரிக்கு வேலையில்லை என்பது அவருக்கும் தெரியும்.