தொட்டியில் கரைந்த ஓடைச் செடி

கொழும்பு மருதானையில் மீன் தொட்டிகள் விற்கும் சிறு கடையொன்றில் யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் வேலை செய்கிறான். அண்மையில் அவ்வழியே சென்றபோது என்னை மறித்தான்.

"ஃபாதர், நல்லா நிண்ட செடி. தொட்டியில வைச்சுப் பத்து நாளில இலையெல்லாம் கரைஞ்சு போச்சு. எங்கட கிணத்துத் தண்ணி மாதிரி வன்னீரும் இல்லை, குழாய்த் தண்ணிதான். வாயுச் சிலிண்டர் பூட்டச் சொல்லுறாங்கள்."

செடியைப் பார்த்தேன். கிரிப்டோகொரைன் வெண்டியி. 1958இல் டி விட் என்ற ஒல்லாந்துத் தாவரவியலாளர் பெயரிட்ட இச்செடி இன்று உலகெங்கும் தொட்டிகளில் வளர்கிறது. இயற்கையில் அதன் தாயகம் இலங்கை மட்டுமே.

குழாய் நீரில் குற்றமில்லை. களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் மென்னீர் அது. வன்னீர்தான் செடியைக் கொல்லும் என்பதும் சரியன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறக்கும் சான் மார்க்கோஸ் ஆற்றில், இதன் உறவான கிரிப்டோகொரைன் பெக்கெற்றி 1993இல் காணப்பட்டது. யாரோ தொட்டியை ஆற்றில் கொட்டியிருக்க வேண்டும். ஊற்று நீர் கொண்டுவரும் காபனீரொட்சைட்டில் அது செழித்துப் பரவி, அங்குள்ள அரிய காட்டு நெல்லையே நெருக்கியது. பெரும்பாடுபட்டுப் பிடுங்கினார்கள்.

ஒளித்தொகுப்புக்கு வேண்டிய அந்த வாயு, காற்றோடு சமநிலையிலுள்ள நீரில் லீற்றருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேலாகவே கரைந்திருக்கும். நீரினுள் அது பரவும் வேகமோ, காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. காட்டோடையில் இலைகுழை உக்குவதாலும் நிலத்தடி நீர் கசிவதாலும் வாயு கூடுதலாகச் சேர்கிறது, தொட்டியில் அவ்வாறில்லை.

ஆதலால் சிலர் சீனியும் ஈஸ்ற்றும் கலந்த போத்தலிலிருந்து குழாய் விடுகிறார்கள். நானும் விட்டேன். காபனேற்று வன்மை 4 பாகையாக உள்ள நீரில் பீ.எச். 7 ஆயின் கரைந்த வாயு லீற்றருக்கு 12 மில்லிகிராம், 6.6 ஆயின் 30. அதற்கு மேல் மீனுக்கு ஆபத்து. மென்னீரிலோ பீ.எச். சட்டென இறங்கிவிடும். இரவில் செடியும் இந்த வாயுவையே வெளிவிடும். ஒரு காலை எழுந்து பார்த்தபோது என் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன. இரண்டு பிழைக்கவில்லை.

கிரிப்டோகொரைனுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டியதில்லை. குறைந்த ஒளியிலும் மெல்ல வளரும். கடைக்கு வந்த செடி பெரும்பாலும் நாற்றுமேடையில், இலை காற்றில் நிற்க வளர்க்கப்பட்டது. நீரில் அமிழ்த்தியதும் அந்தக் காற்றிலை கரைகிறது, கிழங்கு சாவதில்லை. சில வாரங்களில் நீரிலை முளைக்கும்.

நம் கிராமக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஓடையில் பிடுங்கி விற்றால் ஒருநாட் கூலி; அடுத்த முறை இன்னும் மேலே நடக்க வேண்டும். சில இனங்கள் ஏற்கெனவே அரிதாகிவிட்டன. நிழல்வலையின் கீழ், ஈர மணலிலும் தும்புச் சோற்றிலும் வேர் நனைய வளர்த்தால், வாயுவைக் காற்றே இலவசமாகத் தருகிறது. ஒரு தாய்ச்செடியிலிருந்து பக்கக் கன்றுகளைப் பிரித்துக்கொண்டே போகலாம். ஓடைக்குப் போக வேண்டியதில்லை.

"எறிஞ்சு போடாதே தம்பி, கிழங்கை விட்டு வை" என்றேன். அடுத்த மாதம் போனபோது விரல்நீளத்தில் மூன்று இலைகள் நின்றன. சிலிண்டர் அவன் வாங்கவில்லை.