நடுராத்திரியில் "துடித்த" இதயம்!
கம்ப்யூட்டருக்கும் கசாப்புக் கூடத்துக்கும் அலைந்த வாலிபர்

லண்டன் நகரம். 1960-ம் ஆண்டு. ராத்திரி 2 மணிக்கு ஊரே தூங்கும்போது ஒரு வாலிபர் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைவார். 4 மணிக்கு வெளியே வருவார். பொழுது விடிவதற்குள் ஆடு அறுக்கும் கூடத்துக்குப் போய், ஆட்டு இதயங்களை வாங்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடுவார்.

அவர் பெயர் டெனிஸ் நோபிள். வயது 23. தையல்காரர் மகன். யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சி மாணவர்.

யாரும் தட்டாமல், தூண்டாமல் இதயம் எப்படித் தானாகத் துடிக்கிறது? அதைக் கணக்குப் போட்டே காட்ட முடியுமா? இதுதான் அவரைத் தூங்கவிடாத கேள்வி!

கணவாய் கொடுத்த துப்பு

வழி காட்டியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள். கணவாயின் தடித்த நரம்பில் மின்சாரத்தை அளந்தவர்கள்.

நரம்பு செல் ஒரு டவுன் பஸ் மாதிரி. முன் வாசலில் சோடியம் முண்டியடித்து ஏறும். மின் அழுத்தம் சட்டென்று எகிறும். பின் வாசலில் பொட்டாசியம் இறங்கும், அழுத்தமும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை 1952-ல் இருவரும் 4 சமன்பாடுகளில் அடக்கினார்கள்.

கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் அப்போது வேலை செய்யவில்லை. ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு மிஷினை வாரக்கணக்கில் சுற்றினார். நரம்பில் மின்சாரம் வினாடிக்கு 18.8 மீட்டர் ஓடும் என்று விடை வந்தது. அளந்து பார்த்ததில் 21.2 மீட்டர். அவ்வளவு நெருக்கம்! 1963-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

கதவு மூடும் மர்மம்

நரம்பில் எல்லாம் ஓரிரு மில்லி வினாடியில் முடிந்துபோகும். இதயத்திலோ ஏறிய அழுத்தம் சுமார் கால் வினாடிக்கு மேல் இறங்காமல் நிற்கும். ஏன்?

நோபிளும் அவர் ஆசிரியர் ஹட்டரும் ஆட்டு இதயத்தில் விடை கண்டார்கள். சோடியம் ஏறியதும் ஒரு பொட்டாசியம் வாசல் மூடிக்கொள்கிறது. இன்னொன்று ஆமை வேகத்தில் திறக்கிறது. இறங்க வழி இல்லாமல் பஸ் நிற்கிறது!

இதைக் கணக்கில் போட லண்டன் பல்கலைக்கழகத்தின் மெர்க்குரி கம்ப்யூட்டர் வேண்டும். கணிதம் போதாது என்று முதலில் அனுமதி கிடைக்கவில்லை. மனிதர் விடவில்லை. கணித வகுப்பில் போய் உட்கார்ந்தார். கடைசியில் யாருக்கும் வேண்டாத அந்த 2 மணி நேரம் கிடைத்தது.

மிஷின் எண்களைக் கொட்டியது. அழுத்தம் ஏறியது, நின்றது, இறங்கியது. பிறகு, வெளியிலிருந்து தூண்டாமலே மறுபடி ஏறியது. கணக்கு இதயம் துடித்துவிட்டது!

அதில் குறை இல்லாமல் இல்லை. கால்சியத்தின் பங்கு அதில் சேரவில்லை, பிற்பாடுதான் சேர்த்தார்கள்.

உயிர் குடித்த அலர்ஜி மாத்திரை

தும்மலுக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் மாத்திரை, வேறு சில மருந்துகளோடு சேர்ந்தபோது இதயத்தின் பொட்டாசியம் வாசலை அடைத்தது. துடிப்பு தாறுமாறானது. சிலர் இறந்தே போனார்கள். 1998-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது போயே போய்விட்டது.

புது மருந்து எந்த வாசலை அடைக்கும், துடிப்பைக் கெடுக்குமா என்று கணக்கு இதயத்தில் ஓட்டிப் பார்க்கும் திட்டம் 2013-ல் அமெரிக்காவில் கிளம்பியது. அதற்கு எடுத்துக்கொண்ட மனித இதய செல் கணக்கில் சமன்பாடுகள் 40-க்கும் மேல்.