வாடகை வீட்டில் உங்கள் டேட்டா!

ஸ்டாக் கணக்குக்கு எங்க ஆபீஸில் ஒரே எக்ஸெல் ஃபைல். ஆறு பேர் கம்ப்யூட்டரில் ஆறு விதமாக இருக்கிறது. எது ஒரிஜினல்? ஆண்டவனுக்கே வெளிச்சம்!

இதற்கு மருந்துதான் 'நோ-கோட்'. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். பெயர், தேதி, தொகை என்று கட்டங்களை மவுஸால் இழுத்துப் போட்டால் படிவம் ரெடி. நிரப்புவதெல்லாம் ஒரே டேட்டாபேஸில் போய் உட்காரும். மேனேஜர் வீட்டிலிருந்தே 'ஓகே' தட்டலாம். நம்ம சென்னை ஸோஹோ 2006-லேயே 'கிரியேட்டர்' என்று இப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது.

அப்புறம் என்ன, ஜாலிதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க சார், இது வாடகை வீடு! கூகுளும் 'ஆப் மேக்கர்' என்று ஒன்றை நடத்தியது. 2021 ஜனவரி 19-ம் தேதி இழுத்து மூடிவிட்டது. கிளவுட் எஸ்க்யூஎல்லில் சேர்த்த டேட்டா பிழைத்தது. ஆனால், அதில் கட்டிய அப்ளிகேஷன்களை அப்படியே வேறு இடத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போக வழியில்லை. மறுபடி முதலிலிருந்து கட்டணும்!

அதனால் நான் நண்பர்களுக்குச் சொல்வது இதுதான். குடிபோகும் முன்பே, 'காலி பண்ணும்போது சாமானை எடுத்துக்கலாமா?' என்று கேளுங்கள். மாசம் ஒருமுறை டேட்டாவை சிஎஸ்வி ஃபைலாக இறக்கி வையுங்கள். எந்தப் படிவம் யாரிடம் போகணும் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு இருந்தால், எந்த வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னாலும் கவலையில்லை!