நலம் பேணும் வளாகம்

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், மன்னவனூரை அடுத்துள்ள சிற்றூர் கவுஞ்சி. மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் ஊர் அது. இத்தகைய மலையூர்களில் ஏற்றமும் இறக்கமுமே உடலுக்கு நாள்தோறும் பயிற்சி தருகின்றன. உறவினரின் அரவணைப்பும் உடனிருக்கிறது. உயர்கல்விக்காக விடுதிக்குச் செல்லும் இளையோர் இவற்றையெல்லாம் ஒரே நாளில் பிரிகின்றனர். அன்றுமுதல் அவர்களின் நலத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

நலம் என்பது யாது?

நோயின்மை மட்டுமே நலமன்று. உடல், உள்ளம், சமூக உறவு ஆகிய மூன்றும் நிறைவுற்றிருப்பதே நலம் என்பது 1948இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் சாசனம் தரும் விளக்கம். 2015இல் கனடாவில் உருவான ஒகனாகன் சாசனம், இக்கருத்தைக் கல்வி நிறுவனங்களுக்கும் விரித்தது. பாடத்திட்டம், விடுதி, உணவகம், நிருவாகம் ஆகிய அனைத்திலும் நலச்சிந்தனை கலந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

உணவும் உறக்கமும்

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். 1984இல் கொடைக்கானலில் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போன்ற மகளிர் கல்வி நிலையங்களில் இச்செய்தி தனிக்கவனம் பெறத்தக்கது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் உடலுறுப்புகளுக்குச் செல்லும் ஆக்சிஜன் குறையும், சோர்வு மிகும், கவனம் சிதறும். இது சோம்பல் என்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. கீரை, பயறு வகைகளுடன் எலுமிச்சை, நெல்லி போன்றவற்றைச் சேர்த்துண்டால் இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். உணவுண்டவுடன் தேநீர் அருந்துவது அதனைத் தடுக்கும். குளிர்மிகுந்த மலைப்பகுதியினர் இதனை மறத்தலாகாது. ஏழு மணிநேரத்திற்குக் குறையாத உறக்கமும் வாரத்திற்கு 150 நிமிட உடற்பயிற்சியும் பதினெட்டு வயது கடந்தோர்க்கு இன்றியமையாதவை.

உள்ளத்தின் நலம்

தேர்வச்சம், பணநெருக்கடி, தனிமை, பயிற்றுமொழி மாற்றம் ஆகியவை முதல் தலைமுறை மாணவரை வாட்டக்கூடியவை. காய்ச்சலை வெளியே சொல்வோர்கூட மனத்துயரை மறைப்பர். இம்மௌனமே பேரிடர். இதனைக் களைய, 2022இல் தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்னும் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, நடுவண் அரசின் தொலைபேசிவழி மனநல ஆலோசனைத் திட்டம் தொடங்கப்பட்டது. 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி, தமிழிலும் ஆலோசனை பெறலாம். உதவி கேட்பது பலவீனமன்று. அது மீட்சியின் முதற்படி.

உடனிருப்போர்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து', நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாகக் கொள்கிறது. வீட்டைப் பிரிந்த மாணவருக்கு அந்த நான்காமவர் யார்? உண்ணாமல் உறங்கச் செல்லும் தோழியைக் கவனிக்கும் அறைத்தோழி. வருகைப்பதிவில் தொடர்ந்து விடுபடும் பெயரின் காரணத்தை அன்போடு கேட்கும் பேராசிரியர். தூய குடிநீரையும் நல்லுணவையும் உறுதிசெய்யும் விடுதிக் காப்பாளர். மாணவர் தம் நலத்தைப் பேணுதல் கடமை; அதற்குரிய சூழலை அமைத்தல் வளாகத்தின் கடமை. இவ்விரண்டும் இணையும்போதுதான் மலையூரிலிருந்து படிக்கச் சென்றவர் பட்டத்தோடு நலத்தையும் சுமந்து ஊர் திரும்புவார்.