ரிஸீவர் சூடாகிறதா? முதலில் வயரைப் பாருங்கள்

டில்லியில் குடியேறிய நம்மவர்களில் பலர் ஒரு காலத்தில் மொட்டை மாடியில் கம்பி கட்டிச் சிற்றலையில் இலங்கை வானொலியைத் தேடியவர்கள்தாம். இன்று அதே மாடியில் நம் பிள்ளைகள் வேறொன்றைத் தேடுகிறார்கள். கட்டைவிரல் அளவுள்ள ஒரு யுஎஸ்பி ரிஸீவர், சீட்டுக்கட்டு அளவுள்ள ராஸ்பெர்ரி பை கணினி, ஓர் ஆண்டெனா. இவ்வளவுதான் சாதனம். ரிஸீவரில் உள்ள ஆர்டிஎல்2832யு என்ற சிப் தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அதைக் கொண்டு மற்ற வானொலி அலைகளையும் பிடிக்கலாம் என்று 2012இல் பொழுதுபோக்காளர்கள் கண்டுபிடித்தார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும் குரலையும் இதில் கேட்க முடிகிறது.

கோடை வந்ததும் புகார்களும் வந்துவிடுகின்றன. "மத்தியானம் ஆனால் நின்றுவிடுகிறது, மாமா", "கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது", "தானாகவே அணைந்து அணைந்து எரிகிறது" என்பார்கள். மின்னணுச் சாதனங்களைப் பழுது பார்ப்பதிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால், இந்தக் கேள்விகள் என்னிடம்தான் வந்து சேர்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சூடு, மின்சாரக் குறைவு என்று குற்றவாளிகள் இருவர். இருவரும் ஒரே மாதிரி வேஷம் போடுவார்கள் என்பதுதான் சங்கடம். இரண்டிலுமே ரிஸீவர் திடீரென்று காணாமல் போகும், கணினி தடுமாறும். ஆகவே பிரித்தறிய ஓர் எளிய சோதனை சொல்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் தகராறு செய்தால் மின்சாரம். காலையில் ஒழுங்காக ஓடி, மதியம் இரண்டு மணிக்கு நின்றால் சூடு. மதியம் மேசை விசிறியை நேரே திருப்பி வைத்ததும் உயிர் பெற்றால் சந்தேகமே இல்லை.

சென்ற கோடையில் எங்கள் பகுதியில் உள்ள ஒரு திருநெல்வேலிக் குடும்பத்தில் இரண்டுமே சேர்ந்திருந்தன. பையன் கல்லூரியில் படிக்கிறான். மாடியில் பர்ஸாத்தி அறையில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடியிருந்தான். விண்வெளி நிலையம் ஒருமுறை கடந்து போவது அதிகபட்சம் பத்து நிமிடம். சரியாக அந்த நேரத்தில்தான் எல்லாம் நின்றுபோகும். ஒரு நாள் கருகிய வாசனையும் வந்தது. "வீட்டைக் கொளுத்திவிடப் போகிறான், இதோடு நிறுத்து" என்று அப்பா சொல்லிவிட்டார். புது ரிஸீவர் வாங்கித் தரும்படி பையன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அடாப்டர் முனையில் 5.1 வோல்ட் இருந்தது. கணினியின் முனையில், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, 4.4 வோல்ட்தான். நடுவில் இருந்தது இரண்டு மீட்டர் நீளமுள்ள மெல்லிய வயர். அமெரிக்கக் கேஜ் கணக்கில் 28 அளவுள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை உண்டு. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமாகையால் நீளம் நான்கு மீட்டர், தடை சுமார் 0.85 ஓம். கணினியும் ரிஸீவருமாக 0.8 ஆம்பியர் இழுத்தால், வழியிலேயே கிட்டத்தட்ட 0.7 வோல்ட் காணாமல் போகிறது! ராஸ்பெர்ரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே திரையின் மூலையில் மின்னல் அடையாளம் காட்டி எச்சரிக்கும். திரை இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு அது தெரியாது. அரை மீட்டர் நீளமுள்ள, 20 கேஜ் தடிமனான வயரை மாற்றியதும் இழப்பு 0.03 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. கருகிய வாசனைக்குக் காரணம் அடாப்டர். அதன் மூடி பழுப்பேறி வளைந்திருந்தது. அதைத் தூக்கி எறியச் சொல்லி, 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் தரமான ஒன்றை வாங்க வைத்தேன்.

காலையில் சரியாகிவிட்டது. ஆனால் மதியம் மறுபடியும் நின்றது. இது சூட்டின் வேலை. சூடு வெளியேற வேண்டுமானால் சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருக்க வேண்டும். வெளியே 45 டிகிரி, தகரக் கூரைக்குக் கீழே மூடிய டப்பாவுக்குள் இன்னும் அதிகம். ராஸ்பெர்ரி பை 4 தன் சிப் 80 டிகிரியைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ரிஸீவர் அனுப்பும் தகவலை வாங்க நேரமில்லாமல் தவறவிடும். ரிஸீவரும் சும்மா இல்லை. சுமார் 280 மில்லி ஆம்பியர் இழுத்து, கிட்டத்தட்ட 1.4 வாட் சூட்டை அந்தச் சிறிய உடம்பிலிருந்து வெளிவிட வேண்டும். மலிவான ரிஸீவர்களில் சூடு ஏற ஏற அலைவரிசையும் நகரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே, 145.8 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 146 ஹெர்ட்ஸ்.

கணினியை வீட்டுக்குள் இறக்கி, அதன் சிப் மேல் அலுமினிய ஹீட் சிங்க் ஒட்டினோம். கணினியோடு ஒட்டிச் செருகியிருந்த ரிஸீவரைச் சிறிய நீட்டிப்பு வயர் மூலம் தள்ளி வைத்தோம். ஒன்றின் சூடு மற்றதைத் தாக்காமல் இருக்க இதுவே போதும். டப்பாவின் மூடி போயிற்று. பழைய ரிஸீவரேதான் இன்றும் ஓடுகிறது. அப்பாவும் தடையை வாபஸ் வாங்கிவிட்டார்.

இன்னொரு வகைத் தவறும் பல வீடுகளில் இருக்கிறது. மின்வெட்டுக்குப் பயந்து, இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட் எடுக்கிறார்கள். அது மிச்ச வோல்ட்டேஜை அப்படியே சூடாக மாற்றித் தள்ளும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை போகும். அப்போது 9.4 வோல்ட்டை 0.8 ஆம்பியரால் பெருக்கினால் 7.5 வாட். ஹீட் சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்கு 65 டிகிரி வரை ஏறும். இரண்டு வாட்டிலேயே அது தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஆறியதும் மறுபடி தொடங்கும். "அணைந்து அணைந்து எரிகிறது" என்ற புகாரின் ரகசியம் இதுதான். இதற்குப் பதில் 'பக் கன்வெர்ட்டர்' என்ற சிறிய பலகையைப் போடுங்கள். அதில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாகத்தான் வீணாகும். ஆனால் அது வானொலியில் இரைச்சல் கிளப்பும். எனவே ஆண்டெனாவிலிருந்து தள்ளி, உலோகப் பெட்டிக்குள் வைத்து, வயரில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

சோதிக்கும் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

1. சாதனம் ஓடும்போதே, கணினி முனையில் வோல்ட்டேஜை அளக்கவும். 4.75க்குக் குறைந்தால் முதலில் வயர், பிறகு அடாப்டரை மாற்றவும்.

2. ரிஸீவரைக் கழற்றிவிட்டுக் கணினியை மட்டும் ஓட்டவும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கவும்.

3. விடியற்காலையிலும் மதியத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

4. காற்றோட்டம் தரவும். ஆனால் டெசர்ட் கூலருக்கு நேராக வைக்க வேண்டாம். அந்த ஈரக்காற்றில் இணைப்புகள் துருப்பிடிக்கும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் அலட்சியம் கூடாது. பேட்டரியிலிருந்து வயர் எடுத்தால், பேட்டரி முனைக்கு அருகிலேயே 2 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். ஷார்ட் ஆனால் அந்தப் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்து வயரை நெருப்பாக்கிவிடும். இடி மின்னல் வருவது போலிருந்தால், முன்கூட்டியே ஆண்டெனா இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு அதைத் தொடப் போக வேண்டாம்.

பிள்ளைகள் புது ரிஸீவர் கேட்கும்போது, பெற்றோர் முதலில் சில நூறு ரூபாயில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். பழுதும் தெரியும், ஓம் விதியும் மறக்காது.